குணமானவளுக்குக் கோபம் வரலாமா?

எங்கள் பள்ளிக்கூடத்தில் டெலிபோன் ஒன்றே ஒன்றுதான். தலைமையாசிரியை அறையில், மேஜை மூலையில் கறுப்பாக உட்கார்ந்திருக்கும். ஆசிரியைகள் யாருக்காவது அதில் அழைப்பு வந்தால் எங்கோ யாரோ போய்விட்டார்கள் என்று அர்த்தம்.

போன வியாழக்கிழமை மதியம் எனக்கு வந்தது.

ஒன்பதாம் வகுப்புப் பெண்களைப் பாதிக் கணக்கில் விட்டுவிட்டு ஓடினேன். பேசியவர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் மாஸ்டர். என் மகள் வசந்தி இரண்டு வருடமாக அவரிடம்தான் இன்ஸ்டிரக்டராக வேலை பார்க்கிறாள்.

"டீச்சர், கொஞ்சம் வந்துட்டுப் போங்க. பதறாதீங்க. வசந்திக்கு மறுபடி ஆரம்பிச்சிடுச்சி போல கீது."

மறுபடி...

பதறாதீர்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த மூச்சில் இப்படி ஒரு வார்த்தையைச் சொல்கிறவர்களை என்ன செய்வது?

ஆறு வருடமாக நான் எந்த வார்த்தைக்குப் பயந்துகொண்டிருந்தேனோ, அந்த வார்த்தை. நான் பிரஷர்காரி. நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும். அன்று கிருத்திகை வேறு. மொட்டைத் தலைகளும் காவடிகளும் பஜாரை அடைத்துக்கொண்டு மலைக்குப் போய்க்கொண்டிருந்தன. 'முருகா, முருகா' என்றுதான் நானும் ஓடினேன். என்ன, அவர்கள் மலையைப் பார்த்துச் சொன்னார்கள். நான் தரையைப் பார்த்துச் சொன்னேன்.

இன்ஸ்டிடியூட் ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே மாடியில் இருக்கிறது. ஓட்டுக்கூரையில் மழை பெய்கிற மாதிரி ஒரு சத்தம் எப்போதும் படியிலேயே கேட்கும். அன்று ஒரு மெஷின்கூட ஓடவில்லை. பிள்ளைகள் விரல்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வசந்தி ஜன்னலோரம் இருந்தாள். கண் சிவந்திருந்தது. தலை கலையவில்லை. புடவை கலையவில்லை. ஆனால் அவள் பக்கத்து நாற்காலிகள் எல்லாம் காலி.

"என்னம்மா ஆச்சி?"

"கோவம் வந்துச்சி. கத்துனேன். அவ்ளோதான்."

என் நாக்கு நுனிக்கு ஒரு கேள்வி வந்துவிட்டது. பல்லைக் கடித்து உள்ளே தள்ளினேன். அவள் பார்த்துவிட்டாள்.

"கேளு. எல்லாரும் கேட்டாச்சி. நீ மட்டும் ஏன் பாக்கி? மாத்திரை போட்டியான்னு கேளு."

இதற்கு மேல் போவதற்கு முன் உங்களிடம் ஒரு வார்த்தை. நான் பத்திரிகையில் எழுதிவரும் இந்தப் பத்தியில் என் வீட்டு ஸ்டவ் முதல் ரேஷன் கடை க்யூ வரை எல்லாவற்றையும் படித்திருக்கிறீர்கள். வசந்தியின் நோயைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. இப்போது எழுதட்டுமா என்று அவளிடம் கேட்டேன்.

"எழுது. ஆனா பாவமா எழுதாதே" என்றாள்.

சரி. அவளுக்கு வந்தது மனச்சிதைவு. காலேஜில் இரண்டாம் வருடம் படிக்கும்போது வந்தது. மலைக்கோயில் மைக்கில் யார் பாடினாலும் தன்னைத்தான் பெயர் சொல்லி ஏசுகிறார்கள் என்பாள். காதில் பஞ்சு வைத்து, அதற்கு மேல் துண்டைக் கட்டிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பாள். இந்த ஊரில் மைக் சத்தம் கேட்காத மூலை எது? தாயத்துக் கட்டிப் பார்த்தோம். பிறகு மெட்ராஸுக்கு அழைத்துப் போனோம். மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரையை நான் குறை சொல்ல மாட்டேன். அது இல்லையென்றால் எனக்கு மகள் இல்லை. இன்றைக்கும் சாப்பாடு முடிந்ததும் தானே எடுத்துப் போட்டுக்கொள்கிறாள். ஒருவரும் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை.

நாளாக நாளாக மைக் வெறும் மைக்காகக் கேட்க ஆரம்பித்தது. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தாள். வேலைக்குப் போனாள். 'டீச்சர் பொண்ணு குணமாயிட்டா' என்றது ஊர். நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

அந்த இன்ஸ்டிடியூட்டில் தமிழ் மெஷின் ஒன்றுதான் இருக்கிறது. மூன்று மணி பேட்ச்சில் அது கே.ஜி.கண்டிகையிலிருந்து பஸ்ஸில் வருகிற ஒரு பெண்ணுக்கு. லோயர் பரீட்சை நெருங்கிவிட்டது. ஆனால் மாஸ்டருடைய மச்சான் பாபு — மனைவியின் தம்பி, அந்த ஒரே தகுதியில் மாடி முழுவதும் தன்னுடையது என்று நினைக்கிறவன் — அந்த மெஷினில் உட்கார்ந்து நண்பன் கல்யாணத்துக்கு வாழ்த்துப்பா அடித்துக்கொண்டிருந்தான். செவ்வாய், புதன் இரண்டு நாளும் அந்தப் பெண் நின்று நின்று பார்த்துவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். வியாழனும் அதே கதை.

வசந்தி தன்மையாகத்தான் ஆரம்பித்திருக்கிறாள். "பாபு, எழுந்திரு. அது அவ டைம்."

அவன் தலையைத் தூக்கவில்லை. "இரு, முடிச்சிகினு எழுந்துக்கறேன். டென்ஷன் ஆவாத வசந்தி. ஒன் ஒடம்புக்கு ஒத்துக்காது."

யாரோ சிரித்திருக்கிறார்கள்.

வசந்தி அந்தப் பேப்பரைப் பிடித்து இழுத்தாள். ரோலர் கர்ரென்று கத்தியது. வாழ்த்துப்பா இரண்டாகக் கிழிந்தது. "எழுந்திருடா!" என்று அவள் போட்ட சத்தத்தில் கீழே ஜவுளிக்கடையில் துணி கிழித்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டாராம்.

மாஸ்டர் ஓடி வந்தார். 'என்னடா செய்தாய்?' என்று மச்சானைக் கேட்டாரா? இல்லை. கண்டிகைப் பெண்ணைக் கேட்டாரா? இல்லை. வசந்தி முன்னால் குனிந்து, மூன்று வயதுக் குழந்தையிடம் பேசுகிற குரலில் கேட்டார்: "மாத்திரை போட்டியாம்மா?"

அன்பாகத்தான் கேட்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால்கூடத் திருப்பித் திட்டலாம். அன்பை எதைக் கொண்டு அடிப்பது?

என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒரு மாசம் வூட்ல ரெஸ்ட் எடுக்கட்டும் டீச்சர். அப்பறம் பாத்துக்கலாம்" என்றார்.

'அப்பறம் பாத்துக்கலாம்' என்றால் என்ன என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அந்த வேலை போனால் திருத்தணியில் அவளுக்கு இன்னொரு வேலை கிடைக்குமா? ஏன் நிறுத்தினார்கள் என்று யாராவது கேட்டால், பதிலை ஊரே எழுதிக்கொள்ளும்.

அன்று ஒன்றும் பேசாமல் அவளை அழைத்துக்கொண்டு வந்துவிட்டேன். கோபம் வருவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது.

தெம்பு கொடுத்தது யார் தெரியுமா? மெட்ராஸிலிருந்து வந்த ஓர் ஆராய்ச்சிக்காரி.

ஹேமா என்று பெயர். காலேஜில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள். அதற்கு முந்தின வாரமே ஒருமுறை வந்திருந்தாள். இந்த நோய் வந்து தேறியவர்களைத் தேடித்தேடிப் பார்க்கிறாளாம்.

"எத்தனை பேருக்கு சரியாச்சுன்னு எண்ணுற ஆராய்ச்சி இல்லைம்மா இது. சரியானவங்க அதை எப்படிச் சொல்றாங்கன்னு கேட்கிற ஆராய்ச்சி."

"கதை கேக்கறதுக்குக்கூட டாக்டர் பட்டம் தராங்களா?" என்று கேட்டேன். எனக்கு எரிச்சல். ஆறு வருடம் நாங்கள் பட்டதெல்லாம் இவளுக்குப் பெயருக்குப் பின்னால் மூன்று எழுத்தா?

அவள் சிரித்தாள். "கேட்கிறது சுலபம் இல்லைம்மா. அவங்களைக் கேட்டா பக்கத்துல இருக்கிறவங்க பதில் சொல்லிடறாங்க."

பிறகு வசந்தியிடம் திரும்பி, "ராத்திரி நல்லா தூங்கறீங்களா?" என்றாள்.

"நல்லா தூங்கறா" என்றேன் நான்.

டேப் ரிக்கார்டரை மேஜைமேல் வைத்ததும் என் கணவருக்கு முகம் வெளுத்துவிட்டது. "அந்தப் பொட்டி வேணாமே... அவளுக்கு முன்ன கொரலுங்க கேட்டுகினு இருந்துச்சி" என்று ரகசியமாகச் சொன்னார். எங்கள் வீட்டில் ரகசியம் அடுத்த தெரு வரைக்கும் கேட்கும்.

"பரவால்ல நைனா" என்றாள் வசந்தி. "அப்ப எனக்கு மட்டும்தான் கேட்டுச்சி. இது எல்லாருக்கும் கேக்கும்."

எத்தனை வருடம் கழித்து அந்த வீட்டில் எல்லோரும் சேர்ந்து சிரித்தோம்!

ஹேமா எல்லோரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டாள். குணமாவது என்றால் என்ன? என் கணவர், "டிபன் பாக்ஸ எடுத்துகினு வேலைக்குப் போறா. அதான்" என்றார். ராத்திரி தூங்குவதுதான் என்று நான் சொன்னேன். ஆர்.கே.பேட்டையிலிருந்து என் அக்கா கணவர் வந்திருந்தார். பாவாவுக்கு எதிலும் அபிப்பிராயம் உண்டு. மைக் வைத்தால் கேட்கவே வேண்டாம். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஆங், எழுதிக்கம்மா. முன்ன மாதிரி சத்தம் கெடையாது. எதுத்துப் பேசறது கெடையாது. பசு மாதிரி கீறா. பூரண குணம்!"

வசந்தி மட்டும், "யோசிச்சி சொல்றேன். அடுத்த வாட்டி வரும்போது கேளுங்க" என்றாள்.

அந்த அடுத்த வாட்டி, வியாழனுக்குப் பிறகு வந்த சனிக்கிழமை. ஹேமாவுக்கு நடந்தது தெரியாது. வாசலிலேயே நான் வெடித்தேன். "நல்ல நேரத்துல வந்தே. எழுதிக்கோ. வேலைய விட்டு அனுப்பிட்டாங்க. மறுபடி வந்துடுச்சின்னு ஊர் சொல்லுது."

அவள் எதையும் எழுதவில்லை. டேப்பை ஓடவிட்டு வசந்தியைப் பார்த்தாள்.

வசந்தி நடந்ததைச் சொன்னாள், பேப்பர் கிழிந்தது உள்பட. பிறகு நிதானமாக, டிக்டேஷன் கொடுக்கிற மாதிரி, "அன்னிக்குக் கேட்டீங்களே, அதுக்கு பதில்" என்றாள். "நான் கோவத்துல கத்தினா, எதுக்குக் கத்தறேன்னு ஒருத்தராவது கேக்கணும். எங்கம்மா ஸ்கூலுக்கு போன் போவக் கூடாது. அன்னிக்கு நான் குணமாயிட்டேன்னு எழுதிக்கோங்க."

"கோபப்பட்டது தப்பா இருந்தாலுமா?" என்றாள் ஹேமா.

"தப்பா இருந்தாலும்தான். பேப்பரைக் கிழிச்சது தப்புதான். தப்பா கோவப்படறவங்க ஊர்ல எத்தினி பேர் கீறாங்க! அவங்கெல்லாம் வேலைக்குப் போயிகினுதானே கீறாங்க?"

நான் காபி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தேன். காபி ஆறிவிட்டது. நான் கொதித்துக்கொண்டிருந்தேன்.

குணம்... நமக்கு ஒரே வார்த்தையில் இரண்டு அர்த்தம். நோய் தீர்ந்தாலும் குணம். நல்ல நடத்தையும் குணம். 'குணமாயிட்டா' என்று ஊர் சொன்னபோது நோய் தீர்ந்ததைச் சொல்கிறார்கள் என்று பள்ளிக்கூட வாத்தியாரம்மா நான் சந்தோஷப்பட்டேன். அவர்கள் சொன்னது இன்னொரு அர்த்தத்தில். குணவதி ஆகிவிட்டாளாம்! வாயைத் திறக்காத பசு ஆகிவிட்டாளாம்! அவள் எப்போது பேசாமல் இருந்தாள் தெரியுமா? நோய் முற்றியிருந்தபோது. வாரக்கணக்கில் ஒரு வார்த்தை கிடையாது. அந்த மௌனத்தைப் பார்த்து நான் அழுதேன். அதே மௌனத்துக்குத்தான் இவர்கள் பூரண குணம் என்று பட்டம் கொடுக்கிறார்கள்.

அவள் சிரித்தால், ஏன் சிரிக்கிறாள் என்று பார்க்கிறார்கள். அழுதால் என்னைப் பார்க்கிறார்கள். கோபப்பட்டால் மாத்திரை டப்பாவைப் பார்க்கிறார்கள். டைபாய்டு வந்து பிழைத்தவன் சண்டை போட்டால் யாராவது அவன் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறார்களா?

திங்கட்கிழமை காலை, பள்ளிக்குப் போகும் வழியில் மாடி ஏறினேன். காலை பேட்ச் நடந்துகொண்டிருந்தது. மாஸ்டர் நாற்காலி காட்டினார். உட்காரவில்லை.

"மாஸ்டர், போன மாசம் பக்கத்துக் கடைக்காரர் ஸ்கூட்டரை உங்க வாசப்படியில நிறுத்தினாரே. நீங்க என்ன பண்ணீங்க?"

"அது... அது வேற விஷயம் டீச்சர்."

"காலால ஒதைச்சி ரோட்டுல தள்ளினீங்க. பஜாரே வேடிக்கை பாத்துச்சி. பொதட்டூர்ப்பேட்டையில இருக்கற உங்க அம்மாவுக்கு யாராவது போன் போட்டாங்களா? உங்களுக்கு ஆரம்பிச்சிடுச்சின்னு சொன்னாங்களா?"

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. கடைசி வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இந்த முறை அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது.

"கிழிச்ச பேப்பருக்கு அவளைத் திட்டுங்க. எல்லாரையும் திட்டற மாதிரி திட்டுங்க. நான் வந்து கேக்க மாட்டேன். ஆனா கோவத்துக்கு லீவு குடுக்கறதா இருந்தா மொதல்ல நீங்க போங்க."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். பிறகு, "சரி, நாளைக்கு வரச் சொல்லுங்க. ஆனா கொஞ்சம் பாத்து நடந்துக்கச் சொல்லுங்க டீச்சர்" என்றார்.

"அதை உங்க மச்சான்கிட்ட சொல்லுங்க."

படி இறங்கிப் பள்ளிக்கு நடந்தேன்.

செவ்வாய்க்கிழமை வசந்தி வேலைக்குப் போனாள். மூன்று மணிக்குத் தமிழ் மெஷினில் கண்டிகைப் பெண் உட்கார்ந்தாளாம். பாபுவின் வாழ்த்துப்பாவை வசந்தியே சுத்தமாக அடித்து, அவனிடம் கொடுத்தாளாம். இரண்டு எழுத்துப் பிழையைத் திருத்தி!

எல்லாம் சுபம் என்று நினைத்துவிடாதீர்கள். நாளைக்கே அவள் சத்தம் போட்டால் பக்கத்து நாற்காலிகள் மறுபடி காலியாகும். மாஸ்டர் ஒருவர்தானா மாஸ்டர்? ஊரில் பாதிப் பேர் மாத்திரை டப்பாவைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அந்தப் பயத்தில்தான் நேற்று காலை அவள் டிபன் பாக்ஸை எடுக்கும்போது ஆரம்பித்தேன். "யார்கிட்டயும் வம்பு வெச்சிக்காதே. பாபு ஏதாவது சொன்னா காதுல வாங்காதே. மெதுவாப் பேசு..."

"அம்மா, நீயும் ஆரம்பிக்காதே!" என்று கத்தினாள்.

"யார்டி ஆரம்பிக்கறது? உன் நல்லதுக்குச் சொன்னா..." என்று நானும் கத்தினேன். அவள் டிபன் பாக்ஸை ணங்கென்று வைத்தாள். நான் கரண்டியை ணங்கென்று போட்டேன். என் கணவர் பேப்பருக்குப் பின்னால் மறைந்தார். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. "இன்னா டீச்சர், காலையிலியே?"

"அம்மா பொண்ணு சண்டை! ஜன்னலைச் சாத்துங்க!" என்றேன். சொல்லும்போதே நெஞ்சு நிறைந்துபோனது.

வசந்தி செருப்பை மாட்டிக்கொண்டு, வாசலில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தாள். மாஸ்டருடைய அதே குரலில், குழந்தையிடம் கேட்பதுபோலக் கேட்டாள்:

"நீ இன்னிக்கு பிரஷர் மாத்திரை போட்டியாம்மா?"

போடவில்லைதான்.