கனகண்ணையின்ர மகளின்ர கலியாணமும் ஒரு ‘டொக்’கும்

கார் திருத்திற தொழிலில முதல் வேலை கைக்கு இல்லை, வாய்க்குத்தான்.

கார் வச்சிருந்து கஷ்டப்பட்ட உங்களுக்கு இது தெரிஞ்சிருக்கும். கராச்சுக்குப் போனா என்ன பழுதெண்டு ஒருத்தராலயும் சொல்ல ஏலாது. சத்தம் போட்டுத்தான் காட்டுவினம். “கிறீச்” எண்டுவார் ஒருத்தர். “கொடகொட” எண்டுவார் மற்றவர். அதை நான் திருப்பிப் போட்டுக் காட்டோணும். “இப்பிடியோ அண்ணை?” “இல்லையடா தம்பி, இன்னும் கொஞ்சம் மூக்கால.” சரியான சத்தம் வந்தாப் பிறகுதான் நான் காருக்குக் கீழ படுக்கிறது. திருக்கோணமலைத் துறைமுகத்தடியில, சண்டைக் காலத்தில, கராச் எண்ட பேரில ஒரு தகரக் கொட்டில் வச்சிருந்தனான். படிப்பு எனக்கு ஏறேல்லை. ஆனா எந்தக் காரின்ர இருமலையும் அச்சொட்டா இருமிக் காட்டுவன். அந்தத் திறமையை வச்சுக்கொண்டு நான் அவமானப்பட்ட கதைதான் இது.

மான் தப்பினது, கார் மாட்டினது

எங்கட திருக்கோணமலை ரவுணில மான் எண்டால் ஆடு மாடு மாதிரி. கடை வாசலில நிண்டு பேப்பர் தின்னும், ஹோண் அடிச்சா எங்களைத் திரும்பிப் பாத்து முறைக்கும். ஹயருக்குக் கார் ஓடுற கனகண்ணை ஒரு நாள் அப்பிடி ஒரு மானுக்கு விலத்தப்போய், தன்ர மொறிஸ் மைனரை றோட்டோரக் கட்டில ஏத்திப்போட்டார். நாலு பேர் தள்ளிக்கொண்டு வந்தினம். இடப்பக்க முன்சில்லு கடலைப் பாக்குது, வலப்பக்கச் சில்லு கோயிலைப் பாக்குது. நான் வழக்கம்போல, “என்ன சத்தம் அண்ணை கேட்டது? டமாரோ, படாரோ?” எண்டு கேட்டன். மனுசன் கண் கலங்கிப்போய் நிண்டார்.

பிறகுதான் சொன்னார். வாற ஞாயிறு காலமை மகள் மேகலாவுக்குச் சல்லி அம்மன் கோயிலில கலியாணம். நடுவில ஆமிக்காரரின்ர சென்றிப் பொயின்ற். அந்தப் பாதையால போக பாஸ் இருக்கிறது இந்தக் காருக்கு மட்டும்தான். இது ஓடாட்டிப் பொம்பிளை போய்ச் சேராது, முகூர்த்தம் தப்பினா மாப்பிள்ளையின்ர தாய் சும்மா விடாது. நான் பெரிய கெட்டிக்காரன் மாதிரி, “இதுக்கே அழுறியள்? பேசாம மானை இடிச்சிருக்கலாமே அண்ணை” எண்டன். கனகண்ணை என்னையும் என்ர கொட்டிலையும் மேலயும் கீழயும் பாத்தார்.

“மானை இடிச்சிருந்தா அந்தப் பாவத்தைக் கோயிலில கழுவியிருப்பன், உன்னட்ட வந்து மாட்டினதை எங்கயடா கழுவிறது?”

லொறி ரயரில ஒரு புஸ்

இடப்பக்கச் சில்லைப் பிடிச்சிருக்கிற இரும்புக் கை, ‘ஆம்’ எண்டுவம், வாழைப்பழம் மாதிரி வளைஞ்சிருந்தது. அந்தக் கையைக் காரின்ர அடிச் சட்டத்தில பூட்டுற இடத்தில ஒரு றப்பர் இருக்கும், புஸ் எண்டுவம். அது நசிஞ்சு போச்சு. கொழும்பில இருந்து சாமான் வாற காலமில்லை அது. பக்கத்துப் பட்டறை றம்ழான் நானா, மூதூர் ஆள், அந்த இரும்பை நெருப்பில போட்டு அடிச்சு நிமித்தித் தந்தார். அவர் செய்த வேலை திறம். புஸ்தான் என்ர பொறுப்பு. பழைய லொறி ரயரில ஒரு துண்டை அறுத்து, கத்தியால சீவிச் சீவி, ஓட்டை போட்டு எடுத்தன். நானா அதைக் கையில வாங்கி உருட்டிப் பாத்தார். “என்னடா தம்பி, எலி கடிச்ச றொட்டி மாதிரி இரிக்கு?”

அது பரவாயில்லை. தகப்பனுக்குச் சாப்பாடு கொண்டுவந்த மேகலாவும் அந்த நேரம் பாத்து வந்து நிண்டுது. நான் விடுவனே? இந்தப் புஸ் போட்டா கார் எப்பிடிப் போகும் எண்டு வாயால ஓட்டிக் காட்டினன். ஸ்ராட் பண்ணி, கியர் மாத்தி, சல்லிக் கோயிலடியில பிறேக் பிடிச்சு நிப்பாட்டி, கதவும் திறந்து விட்டன். பிள்ளை சிரிக்காமப் பாத்துக்கொண்டு நிண்டுது. பிறகு புஸ்ஸைப் பாத்துது.

“தவமண்ணா, நீங்கள் கஷ்டப்படாதேங்கோ, நான் நடந்தே போறன்.”

ஆள் ஏத்தி ஓடிப் பாத்தது

சில்லு ரெண்டையும் நேராக்கிறதுக்கு எங்களிட்ட மெசின் இல்லை. மீன்காரரிட்டத் தங்கூசி நூல் வாங்கி, பின்சில்லில இருந்து முன்சில்லுக்கு இழுத்துக் கட்டி, ஒரு கண்ணை மூடிப் பாக்கிறதுதான். அது முடிஞ்சா ஒருக்கா ஓடிப் பாக்கோணும். அந்த நாளையில ஒரு இளந்தாரி தனிய கார் ஓடினா ஆமிக்காரங்கள் மறிச்சுப் போடுவாங்கள். ஆள் நிறைஞ்ச காரெண்டா பேசாம விடுவாங்கள். அதால எங்கட கராச்சில ஒரு வழக்கம்: ஓடிப் பாக்கிறதெண்டா தேத்தண்ணிக் கடையில நிக்கிற ஆக்களை எல்லாம் ஏத்திறது. அவையளுக்கு ஒரு சவாரி, எனக்கு ஒரு காவல்.

அண்டைக்கும் பின்சீற் நிறைய ஆள். முன்சீற்றில, இடப்பக்கம், றம்ழான் நானா. நானா இருந்தா சீற்றே தெரியாது, அப்பிடி உடம்பு. கடற்கரை றோட்டால போய்த் திரும்பி வந்தம். ஒரு சத்தமில்லை! பள்ளத்தில விழுந்தாலும் பஞ்சில விழுந்த மாதிரி. கராச் வாசலில நிப்பாட்டி, “இதுதான் தவத்தின்ர கை!” எண்டு நெஞ்சில தட்டினன். நானா மட்டும் இறங்காம இருந்தார். தன்ர வயித்தைத் தடவிப்போட்டுக் கேட்டார்.

“தம்பி, கார் நல்லாகி வாயை மூடினிச்சா, இல்லாட்டி நான் ஏறிக் குந்தினதால மூடினிச்சா?”

நான் விழுந்து விழுந்து சிரிச்சன். யோசிச்சிருக்கோணும்.

சென்றியில போட்ட கூத்து

ஞாயிறு காலமை என்னையே ஓடச் சொல்லிப்போட்டார் கனகண்ணை. “ஏதும் நடந்தா நீயே பதில் சொல்லு.” பின்னால பட்டுச்சீலையோட மேகலா, தாய், தகப்பன். முன்னால, நானா இருந்த அதே இடத்தில, மேகலாவின்ர பெரியம்மா. அவவும் பாரத்தில நானாவுக்குக் குறைஞ்சவ இல்லை. கார் தொட்டில் மாதிரிப் போச்சு.

சென்றி வந்தது. உங்களுக்குத் தெரியும்தானே, அங்க எல்லாரும் இறங்கி நடக்கோணும், டிரைவர் மட்டும் றோட்டில மறிச்சு வச்சிருக்கிற பீப்பாக்களுக்கு நடுவால வளைச்சு வளைச்சுக் காரைக் கொண்டுபோகோணும். எல்லாரும் இறங்கிச்சினம். பெரியம்மா இறங்கினவுடன காரின்ர இடப்பக்கம் ‘அப்பாடா’ எண்டு எழும்பிச்சுது. முதல் பீப்பாவடியில நான் வளைக்க, “டொக்!” ரெண்டாவதில இன்னும் பெரிசா, “டொக்!” பாரம் போக, என்ர புஸ் ஆடத் தொடங்கீட்டுது.

அந்தக் காலத்தில சென்றிக்கு முன்னால தும்மவும் பயம். ஒரு ஆமிக்காரன் ஓடிவந்து துவக்கை என்ர நெஞ்சுக்கு நேர பிடிச்சான். இன்னும் ரெண்டு பேர் வந்து காருக்குக் கீழ குனிஞ்சு பாத்தாங்கள். உள்ளுக்கு ஏதோ ஒளிச்சிருக்கெண்டு நினைச்சிட்டாங்கள். சீற்றெல்லாம் கழட்டு எண்டு கையைக் காட்டினான் ஒருத்தன். கழட்டிப் பூட்ட மத்தியானமாகும். தூரத்தில கனகண்ணை தலையில கை வச்சுக்கொண்டு குந்திட்டார். அவங்களுக்குத் தமிழ் விளங்காது, எனக்குச் சிங்களம் ‘மாத்தையா’ எண்டு ஐயா போடுறதோட முடிஞ்சுது.

வேற வழி? வாயைத் திறந்தன். கையைத் தூக்கிக்கொண்டே காரால இறங்கி, மானா நிண்டு பேப்பர் திண்டன். கனகண்ணையா மாறி “ஐயோ!” எண்டு வளைச்சன். “படார்!” கட்டில ஏறினன். நானாவா வயித்தைத் தள்ளிக் குந்தினன், கார் மூச்சில்லாமக் கிடந்தது. பெரியம்மாவா இறங்கினன், “டொக்!” துவக்கு வச்சிருந்தவன்ர சொண்டு துடிச்சுது. அடக்கிப் பாத்தான், ஏலேல்லை, வெடிச்சுச் சிரிச்சான். முன்சீற்றைக் காட்டி ஏறச் சொல்லிக் கும்பிட்டன். அவனும் ஏறினான், மற்ற ரெண்டு பேரும் பின்னால ஏறினாங்கள். ஓடினன், சத்தமில்லை. இறங்கினாங்கள், வளைச்சன், “டொக்!” திரும்ப ஏறினாங்கள். கடைசிப் பீப்பா வரைக்கும் துவக்கும் தொப்பியுமா ராசா மாதிரி இருந்து வந்து, இறங்கிப் போகச் சொல்லிக் கையை ஆட்டினாங்கள்.

பெரியம்மாவை முன்னால ஏத்தி, எல்லாருமாப் பறந்தம். கோயிலடியில மேளம் கேட்டது, ஐயர் வாசலில நிண்டு கையைக் காட்டிக் கூப்பிட்டார். முகூர்த்தம் தப்பேல்லை. கனகண்ணை என்ர கையைப் பிடிச்சார். மேகலா மட்டும் இறங்கிச் சீலையில ஒட்டின செம்மண்ணைத் தட்டிப்போட்டு என்னைத் திரும்பிப் பாத்துது.

“நடந்தே போறனெண்டு அண்டைக்கே சொன்னனான்தானே தவமண்ணா, கலியாணம் எனக்கு, காரில ஊர்வலம் போனது ஆமிக்காரர்!”

அதுக்குப் பிறகு எந்தக் காரைத் திருத்தினாலும் எல்லாரையும் இறக்கிப்போட்டு வெறுங்காரையும் ஒருக்கா ஓடிப் பாக்கிறன், ஏனெண்டா அதுவும் என்னை மாதிரித்தான், மேல ஒரு பாரம் இல்லாட்டி வாயை மூடாது.