மேகமலை ஏரியில் நான் கட்டிய கயிறு

எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. கம்பத்தில் தனி ஆளாக லேத் பட்டறை போட்டேன். திராட்சைப் பந்தலுக்குக் கம்பி இழுக்கும் திருகு, எஸ்டேட் ஜீப்புகளுக்கு மேல்கூடு, எல்லாம் இந்தக் கை செய்தது. 2004 ஆவணியில், மேகமலையில் ஒரு எஸ்டேட் முதலாளி வாங்கிவந்த சின்னப் பாய்மரப் படகுக்கு, திசை திருப்பும் சுக்கானை மாட்டும் கொண்டி செய்து, மலை ஏறிப் போய்ப் பொருத்தியதும் நான்தான்.

சுக்கான், துடுப்பு எல்லாமே கழற்றி மாட்டுகிற சாமான்கள். மலை ஏறும் ஜீப்பில் ஜாக்கியைக்கூடக் கட்டித்தான் வைப்போம். கட்டாத சாமான் ஏதாவது ஒரு வளைவில் பள்ளத்துக்குப் போய்விடும். அதே பழக்கத்தில், ஒவ்வொன்றையும் தனிக் கயிற்றால் படகோடு பிணைத்தேன்.

ஞாயிறு மதியம் மனைவியையும் சின்ன மகளையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிய முதலாளி, கண்ணில் பட்ட கயிறுகளைக் கத்தியால் அறுத்தார்.

"இது படகு மேஸ்திரி, மாட்டுத் தொழுவம் இல்ல. போட்டோவுல அசிங்கமா விழும்."

பக்கத்தில் நின்ற ஜீப் டிரைவர் என் காதில், "அண்ணே, மொதல்ல இவருக்கு ஒரு மூக்கணாங்கயிறு போட்டுருக்கணும்" என்றான். நான் சிரித்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டேன்.

நடு ஏரியில் காற்று திரும்பியது. படகு ஒருக்களித்ததும் சுக்கான் கொண்டியை விட்டு எகிறி மிதந்து போனது. அதைப் பிடிக்க அவர் எழுந்தார். துடுப்பும் சரிந்து தண்ணீரில் விழுந்தது. அது அணை கட்டித் தேக்கிய ஏரி; நிரம்பி, மிச்சத் தண்ணீர் மறுகால் வழியாகப் பள்ளத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. படகு சுற்றிக்கொண்டே அந்தப் பக்கம் போனது. குழந்தை வீறிட்டது.

கரையோரமாக ஓடிக்கொண்டே கத்தினேன்: "ஆத்தா, சார்கிட்ட பாயை எறக்கிட்டு உக்காரச் சொல்லுங்க. முன்பலகைக்கு அடியில இன்னொரு துடுப்பு கட்டிக் கெடக்கு, அவுத்து எடுங்க."

முதலாளி கண்ணுக்குத் தப்பிய கயிறு அது ஒன்றுதான். அந்த அம்மாள் துடுப்பை எடுத்துத் துழாவி, மறுகாலுக்குச் சற்று முன்னால் படகைக் கரையில் ஒதுக்கினார். இறங்கியதும் என்னைப் பார்த்துக் கும்பிட்டு அழுதார். முதலாளி கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதம் படகுக் கொட்டகையில் ஒரு பலகை தொங்கியது. கழற்றும் சாமான்களைக் கட்டாமல் யாரும் படகு எடுக்கக் கூடாதாம். கீழே உத்தரவு என்று போட்டு, முதலாளி பெயர்.

அன்றைக்கே அதட்டித் தடுத்திருக்க வேண்டும் என்ற குத்தல் எனக்கு இன்னும் இருக்கிறது. ஆனாலும் அந்தக் குழந்தையைக் காப்பாற்றிய கயிற்றைக் கட்டியவன் கம்பத்துப் பட்டறைக்காரன் என்று அந்தப் பலகையில் எழுதியே ஆக வேண்டும்.