ஜன்னலுக்கு வெளியே நின்றவர்கள்

கல்லூரி ஆபீஸ் ஜன்னலுக்குச் சிரித்த முகத்தோடு யாரும் வருவதில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். எண்பதுகளில் விழுப்புரத்திலும், பிறகு திண்டிவனத்திலும் நான் கிளார்க்.

ஒன்பதரை மணி

விழுப்புரத்தில், முகையூர்ப் பக்கத்திலிருந்து வரும் மாணவன் ஏழுமலைக்குத் தினமும் ஒன்பதரை மணி முதல் பீரியட் ஆப்சென்ட். பஸ் நேரத்துக்கு வருவதில்லை என்று மூன்று மனு கொடுத்தான். வாங்கி ஃபைலில் போட்டேன். ஒரு நாள் அவன் ஊர்ப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுக் காலையில் அதே பஸ்ஸில் திரும்பினேன். உள்ளே காலூன்ற இடமில்லை. படியில் தொங்கியபடி வந்து இறங்கும்போது மணி பத்தாகப் போகிறது. நேராக மனுக்களோடு முதல்வரிடம் போனேன். வகுப்பைப் பத்து மணிக்கு மாற்றுவதாகச் சொன்னார். தோளைத் தேய்த்துக்கொண்டே வெளியே வந்தால் ஏழுமலை நிற்கிறான்.

“ஒரு நாளைக்கேவா சார்? நானு ரெண்டு வருஷமா தொங்கிக்கினு வர்றேன்.”

பீரோ

அங்கே நூலகர் ரொம்ப நல்ல மனிதர். வெளியே கொடுத்தால் கிழியும் என்று புத்தகங்களைப் பூட்டியே வைத்திருப்பார். ஆய்வுக்கு வந்த அதிகாரி, ஒன்றுகூடத் தொலையவில்லை என்று பாராட்டினார். அட்டெண்டர் கோவிந்தன் என் காதோரம் குனிந்தார்.

“தொறந்தாத்தானே சார் தொலையும்?”

மத்தியானம்

திண்டிவனத்தில், ஓமந்தூரிலிருந்து வரும் மலர்விழி மத்தியான வகுப்புகளில் இருப்பதே இல்லை. வருகை குறைந்து ஹால் டிக்கெட் நின்றது. விவசாயி அப்பாவை அழைத்து வந்தாள். “நல்லாப் படிக்கிற பொண்ணுங்க சார், பாதியிலேயே வீட்டுக்கு எதுக்கு வருதுன்னு தெரியல” என்றார் அவர். நான் எவ்வளவு கேட்டும் அவள் வாயைத் திறக்கவில்லை. டைப்பிஸ்ட் அமலி அவளைத் தனியே கூட்டிப் போய்ப் பேசினாள். திரும்பி வந்து என்னிடம் கை நீட்டினாள். “லேடீஸ் டாய்லெட் சாவி உங்க டிராயர்லதானே சார் இருக்கு?”

இருந்தது. தண்ணீர் சரியாக வரவில்லை என்று நானே பூட்டியது. அந்தப் பெண் காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் மத்தியானம் வரை தாங்கி, பிறகு வீட்டுக்கு ஓடியிருக்கிறாள். எனக்குக் கூசிப்போயிற்று. தப்பு என்னுடையது என்று எழுதி முதல்வரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு அவளைப் பரீட்சை எழுத அனுமதித்தார். ஹால் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு, முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினாள் மலர்விழி.

“சாவிய வேற யார்கிட்டயும் குடுத்துடாதீங்க சார், பூட்டையே எடுத்துடுங்க.”

மாணவர்களுக்கு என்ன குறை என்று கேட்டு மேலிடத்திலிருந்து வருஷா வருஷம் வந்த படிவத்தில், ‘குறை ஏதுமில்லை’ என்று முத்துமுத்தான கையெழுத்தில் எழுதி அனுப்பிக்கொண்டிருந்தவனும் நான்தான்.