பெருங்கடவிளை குவாரியில் ஒரு முற்பகல்

இராணுவத்தில் பொறியாளர் பிரிவில் இருந்தவன் நான். பாலம் போடுவதும் பாதை வெட்டுவதும்தான் வேலை என்றாலும் வெடிமருந்தோடும் பழக வேண்டியிருந்தது. ஓய்வு பெற்று ஊர் திரும்பி, பாறசாலை பக்கத்து பொறியியல் கல்லூரி ஒன்றில் பாடம் எடுக்கத் தொடங்கியபோது, அந்தப் பழக்கம் இனி எதற்கும் தேவைப்படாது என்றே நினைத்தேன்.

நில அளவைப் பயிற்சிக்காக மாணவர்களைப் பெருங்கடவிளைப் பக்கம் கைவிடப்பட்ட ஒரு கல்குவாரிக்கு அழைத்துப் போயிருந்தோம். மேடுபள்ளம் அளக்கத் தோதான இடம். வேலை நின்று பல வருடமாச்சு, பயப்பட ஒன்றுமில்லை என்று உரிமையாளர் சொல்லியிருந்தார். காரோடு ஊர்க்காரரான ஆய்வக உதவியாளரும் கூட வந்திருந்தார்.

"சாரே, காலுல என்னமோ சுத்திக்கிட்டு."

பாறையோரம் நின்ற மாணவி கூப்பிட்டாள். பக்கத்தில் போனேன். புல்லுக்குள்ளிருந்து வந்த மெல்லிய வயர் அவள் ஷூவில் சுற்றியிருந்தது. அதன் மறுமுனை, பாறையில் களிமண் அடைத்திருந்த ஒரு துளைக்குள் போனது. என்றோ மருந்து வைத்து வெடிக்காமல் போன துளை. வயர் விறைத்து நின்றது.

உதவியாளர் குனிந்தார். "பழைய வயராக்கும் சாரே. ஒரு இழுப்பு இழுத்து எறிஞ்சிருவேன்."

"எலே, தொடாத!"

என் வயதுக்காரர் அவர். அதுவரை அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. முகம் கறுத்துப் பின்வாங்கினார்.

மற்றவர்களைப் பார்த்துச் சத்தம் போட்டேன். "ஆரும் போனைத் தொடப்பிடாது. வந்த வழியிலேயே ரோட்டுக்குப் போங்க. ஓடாதீங்க."

பட்டாளத்தில் அதற்குமேல் ஒரு சொல் தேவைப்பட்டிருக்காது. இங்கே, "எதுக்கு சாரே?" என்றான் ஒருவன். இன்னொருவன் படம் எடுக்கப் போனை உயர்த்தியிருந்தான்; போன் அலை பட்டாலே அந்த மருந்து வெடிக்கலாம். உதவியாளர்தான் அதைப் பிடுங்கி அணைத்து, எல்லோரையும் வெளியே நடத்திக்கொண்டு போனார்.

"பேடியா இருக்கு சாரே. காலை உருவட்டா?" பயந்துபோய்க் கேட்டாள் மாணவி.

"வேண்டாம் மக்கா. அசையாம என் தோளைப் பிடிச்சுக்கோ."

மண்டியிட்டேன். எல்லையில் என்னோடு நின்றவர்களுக்கு எதற்கு வந்தோம் என்று தெரியும். இவள் பரீட்சையில் தேறுவதற்காக வந்தவள். வயரில் படாமல் ஷூ லேஸை ஒவ்வொரு கண்ணியாகத் தளர்த்தினேன். அவள் நகங்கள் என் தோளில் பதிந்தன.

"இப்போ குதிகாலை மட்டும் மெதுவா மேல தூக்கு."

கால் வெளியே வந்தது. ஷூ இருந்த இடத்திலேயே இருந்தது. வயர் அசையவில்லை. அவளை முன்னால் விட்டு, பாறைக்கும் அவளுக்கும் நடுவில் நான் வருகிறாற்போல நடந்தேன்.

ரோட்டுக்கு வந்த பிறகுதான் போலீசுக்குப் போன் செய்தேன். நிபுணர்கள் வந்து பார்த்துவிட்டு, மத்தியானத்துக்கு மேல் அதை அங்கேயே வெடிக்க வைத்தார்கள். தூரத்தில் நின்ற எங்கள் காலடியிலும் தரை அதிர்ந்தது.

"நான் இழுத்திருப்பேனே சாரே," என்று உதவியாளர் மதிலோரம் உட்கார்ந்துவிட்டார். எலே என்றதற்கு மன்னிப்புக் கேட்டேன். அதைக் கேட்கும் நிலையில் அவர் இல்லை.

மாணவியின் அப்பா பைக்கில் வந்து இறங்கினார். மகளை உச்சிமுதல் பாதம்வரை பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பினார். "முன்னக்கூட்டி ஒரு ஆளை விட்டுப் பாக்காமலா சாரே பிள்ளையள உள்ள இறக்கினீங்க?"

உரிமையாளர் சொன்னார் என்றேன். சொல்லும்போதே அது எனக்கே அற்பமாகப் பட்டது. அவர் மகளைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு போனார்.

அடுத்த பயிற்சியைக் கல்லூரி மைதானத்திலேயே வைத்தோம். தொடங்கும் முன் மைதானத்தை மூலைமுடுக்கு விடாமல் நான் தனியாக நடந்து பார்த்தேன். மாணவர்கள் தங்களுக்குள் சிரித்தார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. நான் நடந்து முடிக்கும்வரை யாரையும் உள்ளே இறங்க விடாமல் ஓரத்தில் நிறுத்தி வைத்திருந்தாள்.