மச்சான் தந்த வயர்

என் மனைவியின் தம்பி கட்டாரிலிருந்து லீவில் வந்தபோது, பிளேயரையும் அம்ப்ளிபயரையும் இணைக்கத் தங்க முலாம் பூசிய தடித்த வயர் ஒன்று கொண்டுவந்தார். அலுமாரிக்குப் பின்னால் அது வளையவே இல்லை. பழைய வயரையே திரும்பவும் செருகிவிட்டேன்.

இன்று, கட்டாருக்குத் திரும்புமுன் பயணம் சொல்ல வந்தவர், பாட்டுப் போடச் சொல்லிக் கண்ணை மூடிக் கேட்டார்.

“என்ன தெளிவு மச்சான்! பழைய வயர்ல இது வருமா?”

குசினி வாசலில் நின்ற மனைவி என்னைப் பார்த்தாள்.

“வராது மச்சான்” என்றேன்.

“ஓம், கடை கடையாத் தேடித்தான் எடுத்த.”

ஸலாம் சொல்லிப் போய்விட்டார்.

“ஏன் உண்மையச் சொல்லல்ல?” என்றாள் மனைவி.

“திரும்பவும் வெயிலுக்குள்ள வேலைக்குப் போற மனுசன். சந்தோசமாப் போகட்டும்.”

பிறகு நானும் கண்ணை மூடிக் கேட்டேன். உண்மையிலேயே தெளிவாகத்தான் இருந்தது.

உங்கள் வீட்டில் என்ன வயர்?