மாவடு ஜாடியின் முடிச்சு

இன்று காலை சமையலறைக்குள் நுழைந்ததும் கடுகும் மாவடு உப்புநீரும் கலந்த வாசனை அடித்தது. யாரோ ஜாடியைத் திறந்திருக்கிறார்கள். நாற்பது வயதிலும் சந்தேகம் முதலில் என்மேலேயே வந்தது.

மந்தைவெளியில், இப்போது எங்கள் அடுக்ககத்தின் கார்கள் நிற்கும் இடத்தில்தான் பழைய வீட்டின் கொல்லையும் பாத்திரம் கழுவிய தண்ணீரிலேயே வளர்ந்த மாமரமும் இருந்தன. மாசியில் அது உதிர்க்கும் வடுவைப் பொறுக்கி அம்மா ஊறப்போடுவாள், சித்திரையில் மாடியில் வற்றல் காயும், கார்த்திகை மழையில் எலுமிச்சை ஊறும். ஆனால் களவு போனதென்னவோ மாவடு மட்டும்தான்.

ஜாடியின் வாய்த்துணியைப் பார்த்ததுமே, “இது என் முடிச்சு இல்ல. யாரு தொறந்தது?” என்பாள் அம்மா. நானும் தம்பியும் கை நீட்டி நிற்போம். ரத்த அழுத்தத்தால் ஊறுகாயே கூடாதென்று டாக்டர் சொல்லியிருந்த அப்பா, எங்கள் விரல்களை ஒவ்வொன்றாக மோந்து பார்த்து, “இவதான்” என்பார். தண்டனையாக, அம்மாவும் தம்பியும் நங்கநல்லூர் ஆஞ்சநேயர் கோவிலுக்குப் போகும் ஞாயிறுகளில் நான் அப்பாவின் காவலில் வாசல் அறையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பேன். அவர்கள் வடையோடு திரும்பும்போது ஜாடியில் மாவடு இன்னும் இறங்கியிருக்கும்.

கூடத்துக்கு வந்து, “அப்பா, ஜாடிய யாரு தொறந்தது?” என்றேன்.

அப்பா நாளிதழிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “உன் பொண்ணு கைய மோந்து பாரு.”

அவள் முந்தாநாளே பள்ளிச் சுற்றுலா போயிருந்தாள்.