சம்பந்தி பாடிய பாட்டு

என் தங்கை ஜெர்மனியில் நர்சாக வேலை பார்த்தாள். அங்கேயே ஒரு ஜெர்மன்காரரைக் கல்யாணமும் செய்துகொண்டாள். அவள் மாமனார் பெயர் பெற்ற ஓப்பரா பாடகர். கனத்த குரலில், மைக் இல்லாமல், ராஜாவாகவும் வில்லனாகவும் பல வருஷம் மேடையில் பாடியவர். "அவரு பாடுனா ஜன்னலே அதுருதும்மா" என்று போனில் சொல்லிச் சிரிப்பாள்.

போன வருஷம் புற்றுநோயில் அவள் போய்விட்டாள். கடைசியாக முகம் பார்க்கக்கூட எங்களுக்குக் கொடுத்து வைக்கவில்லை. வருஷ திதிக்கு அவள் கணவரும் மாமனாரும் எங்கள் ஊர் காவலூருக்கு வந்தார்கள்.

படத்துக்கு மாலை போட்டதும் அம்மா கேட்டாள்: "சம்பந்தி, உங்க பாட்டுன்னா அவளுக்கு உசுரு. ஒண்ணு பாடுங்க."

மாப்பிள்ளை, தங்கை சொல்லிக்கொடுத்திருந்த தமிழில் பதறினார். "அத்தே, அப்பாவுக்குத் தொண்டையில ஆபரேஷன். குரல் போச்சு. இப்போ பாடறதில்ல."

தங்கை இதை எங்களிடம் சொன்னதே இல்லை.

"ஐயோ, தெரியாம கேட்டுட்டேங்க" என்று அம்மா கலங்கினாள்.

அம்மா என்ன கேட்டாள் என்று சம்பந்தி மகனிடம் சைகையில் விசாரித்தார். பிறகு எழுந்து, சட்டையைச் சரிசெய்துகொண்டு, படத்துக்கு நேராக நிமிர்ந்து நின்றார். வாய் திறந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. வெறும் காற்றுதான் வந்தது. கண்ணீர் வழிய, பாட்டு முடியும்வரை அவர் நிறுத்தவில்லை.

"நல்லா பாடுனீங்க சம்பந்தி" என்றாள் அம்மா.

அவர்கள் ஊருக்குத் திரும்பியபின், அவருடைய பழைய பாட்டு ஒன்றை அம்மாவுக்குப் போனில் போட்டுக் காட்டினேன். வீடே அதிர்ந்தது.

"நிறுத்துடி. இது யாரோ பாடறாங்க" என்றாள் அம்மா.

எனக்கும் அப்படித்தான் இருந்தது.